சிகிச்சைக்கு வந்தவர் மறுபடி வருவது எதனால்?



மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்கள், சர்க்கரை, இதய அடைப்பு, சிறுநீரகம் என்றால் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டையும் எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். மனநோய் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "பிள்ளைக்குக் கொஞ்சம் தலைக்குச் சரியில்லை" என்பார்கள். "காத்து கருப்பு பட்டிருக்கும் போல" என்பார்கள். சில வீடுகளில் அந்தப் பேச்சும் கிடையாது. பின்கட்டில் ஒருவர் இருப்பதே அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

இந்த மாதப் பாடம் அந்தப் பின்கட்டு மனிதரைப் பற்றியது. மனச்சிதைவோ கடுமையான மனச்சோர்வோ வந்து, கையில் காசும் இல்லாமல், உறவும் விலகிப்போன ஒருவர் இருக்கிறார். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் என்று உதவுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அவரிடம் வருகிறார். இந்த இருவருக்கும் இடையில் ஏற்படும் உறவு என்ன செய்கிறது? நல்லபடி அமைந்தால் எது மாறுகிறது, கெட்டுப்போனால் என்ன நடக்கிறது? மாத்திரையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைக் கொடுக்கும் கையைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஏர்வாடி

நம் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

தர்ஹா வேறு, அதைச் சுற்றி முளைத்த காப்பகங்கள் வேறு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மனநலம் கெட்டவர்களை முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் விட்டுப் போனார்கள். அதைப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் இடங்கள் உருவாயின. அங்கே மருத்துவர் இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. இருந்தவர் காவல்காரர் மட்டும்தான். ஓடிவிடக் கூடாது என்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த சிகிச்சை.

அந்த விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். பிற்பாடு ஏர்வாடி தர்ஹா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. தவாவும் துஆவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், சேர்ந்தே நடக்கட்டும் என்பது அதன் எண்ணம். குஜராத்தில் உனாவா என்ற ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்ஹாவிலும் இதே முறை நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவமனை வாசலை மிதிக்க மறுக்கும் குடும்பம் தர்ஹாவுக்கு நம்பி வருகிறது. அங்கே ஓதிப் பார்ப்பவர், "துஆ கேட்போம், அப்படியே அந்த ரூமில் இருக்கும் டாக்டரையும் பாருங்கள்" என்று சொன்னால் அந்தக் குடும்பம் போகிறது. முன்பின் தெரியாத மருத்துவரை அவர்கள் நம்பிவிடவில்லை. ஏற்கெனவே நம்பியிருந்தவரின் சொல்லை நம்பினார்கள். கைவிடப்பட்ட மக்களிடம் நம்பிக்கை பெரும்பாலும் இப்படிக் கைமாறித்தான் போகிறது. நம் ஊரில் ஹஜ்ரத்மார்களும் ஜமாஅத் பெரியவர்களும் செய்யக்கூடிய பெரிய காரியம் இதில் இருக்கிறது.

மருத்துவத்தை மார்க்கத்துக்கு எதிராக நிறுத்துவது நமது வரலாற்றுக்கே ஒட்டாத பேச்சு. 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. வக்ஃப் சொத்தின் வருமானத்தில் அது நடந்தது. அதற்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். பின்கட்டில் பூட்டும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த முன்னோர்களிடமிருந்து வரவில்லை.

பெயர் சொல்ல ஆறு மாதம்

1993 இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 'தி பேன்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் மனநலம் குலைந்து திரிந்த பெண்களுக்கு எந்த இடமும் இல்லை என்பதை நேரில் கண்டதுதான் காரணம். முகப்பேரில் உள்ள அவர்களுடைய இல்லத்தின் பெயர் 'அடைக்கலம்'.

அப்படி வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். எந்த ஊரோ, எந்த மொழியோ. ஏதோ ஒரு ரயிலில் ஏறி ஏதோ ஒரு ஊரில் இறங்கியவர். தலைமுடி சடைபிடித்திருக்கும், காலில் புண் இருக்கும். யாராவது தொட வந்தால் அடிப்பார், ஏனென்றால் தெருவில் அவரைத் தொட வந்தவர்கள் நல்ல எண்ணத்தில் வந்திருக்க மாட்டார்கள். இவருக்கு முதல் நாளே நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிவிடலாம். ஆனால் அவர் அதை விழுங்க வேண்டுமே! குளிக்கவைக்க, பேன் எடுக்க, சோறு கொடுக்க, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும். ஒரே ஆளாக இருக்க வேண்டும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்றால் அவர் மறுபடி முதலிலிருந்து பயப்படத் தொடங்குவார்.

மருந்தும் உறக்கமும் உணவும் சேர்ந்து சில வாரங்களில் மனம் சற்றுத் தெளியும். அதன் பிறகுதான் பேச்சு வரும். அதுவும் முழு முகவரியாக வராது. ஓர் ஆற்றின் பெயர் வரும், ஒரு சந்தையின் பெயர் வரும், அண்ணனின் பெயர் வரும். சிலருக்குத் தன் பெயரைச் சொல்லவே ஆறு மாதம் ஆகும். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் சமூகப் பணியாளர்கள் ஊரைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஒருவர் தன் வாழ்க்கைத் துணுக்கை யாரிடம் சொல்வார்? தன்னிடம் அவசரப்படாத ஆளிடம்தான். இந்த வேலையில் உறவு என்பது மருந்தின்மேல் தூவும் சர்க்கரை என்று யாராவது நினைத்தால், அவர் இந்த வேலையைப் பார்த்ததில்லை என்று பொருள்.

எல்லாருக்கும் போக வீடு கிடைப்பதில்லை. சில குடும்பங்கள் கதவைத் திறப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நான்கைந்து பேரைச் சேர்ந்து குடியிருக்கவைத்து, உடன் ஓர் உதவியாளரையும் வைக்கும் முறையை அந்த அமைப்பு உருவாக்கியது. காய்கறி வாங்குவதும் சமைப்பதும் அவர்களே. நிறுவனத்துக்குள்ளேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த வீடுகளில் இருந்தவர்கள் அக்கம்பக்கத்தோடு கலந்து வாழ்வது கூடியிருந்தது.

குடும்பத்தையே உதவியாளரின் பக்கத்தில் உட்காரவைத்த முன்னோடிகளும் நம் நாட்டில் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியோடு உறவினரும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கட்டும் என்றார். அதே காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984 இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். மருத்துவமனையை விட்டுப் போனவர் அதன் பிறகு எப்படி வாழ்கிறார் என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

நாலு மணி ஜீப்பும் இரவு மாத்திரையும்

1979 இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிகிச்சை கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள இணக்கத்தை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவரும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் ஒத்திருக்க வேண்டும். இவற்றோடு இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு வேண்டும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. இதை நம் போடி மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், குழுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் யாரோ திட்டுவதுபோல் குரல் கேட்கத் தொடங்கி, ஓர் ஆண்டு அலைந்து, கடைசியில் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். இரவில் போட மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். மூன்று வாரம் கழித்து வருகிறார். குரல் குறையவில்லை. "மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று கேட்டால், "போட்டேன்" என்கிறார். மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. அதற்குப் பிறகு அவர் வருவதே இல்லை.

நடந்தது இதுதான். அந்த மாத்திரை போட்டால் விடிந்தும் தூக்கம் விடாது. அவர் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, இருட்டோடு இருட்டாக ஜீப் ஏற வேண்டும். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு. நாலு நாள் தவறவிட்டால் கங்காணி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். ஆகவே மறுநாள் வேலை இருக்கும் இரவெல்லாம் அவர் மாத்திரையைப் போடவில்லை. அதைச் சொன்னால் திட்டு விழும் என்று பயந்து "போட்டேன்" என்றார். மருத்துவருக்கு இலக்கு குரல் நிற்பது. அவருக்கு இலக்கு ஜீப்பைப் பிடிப்பது. இரண்டும் ஒன்றோடொன்று பேசவே இல்லை.

"காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? எழ முடிகிறதா?" என்று ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ கேட்டிருந்தால் போதும். மாத்திரையைச் சாயங்காலம் முன்னதாகப் போடச் சொல்வதா, அளவைப் பிரிப்பதா, தூக்கம் குறைவாகத் தரும் வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்திருப்பார். (இதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டில் நாமாக மாற்றக் கூடாது.) எடை கூடுவது, கை நடுங்குவது, வாயில் எச்சில் ஒழுகுவது, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் இந்த மருந்துகளில் சிலவற்றுக்கு உண்டு. ஒரு பெண் இதையெல்லாம் யாரிடம் வாய்திறந்து சொல்வார்? பயமில்லாத இடத்தில்தான். சொல்ல முடியாதவர் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. வெளிநோயாளிப் பிரிவு நடப்பது காலையில். அந்த நேரத்தில் அவர்கள் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனைக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவது. லயத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு வேலை கேரளத்தில், ரேஷன் கார்டும் மருத்துவச் சீட்டும் தமிழ்நாட்டில். குரங்கணிக்கு மேலே, கொட்டகுடிப் பக்கம் இருப்பவர்கள் போடிக்கு இறங்கி வருவதே ஒரு பயணம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, "உங்களுக்கு எந்தக் கிழமை வேலை இல்லை? அன்றைக்கு வாருங்கள்" என்று சொல்லும் ஒருவரிடம் திரும்பி வருவார்கள். "போன வாரமே வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை?" என்று எல்லார் முன்னாலும் கேட்பவரிடம் வர மாட்டார்கள்.

அளந்து பார்த்தபோது

இது நல்ல மனதுக்காரர்கள் சொல்லும் ஆறுதல் பேச்சா, அளந்து பார்த்த உண்மையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமே. 2014 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேர் அதில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பகுதியும் ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற சமூகநலப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பேசி, குடும்பத்துக்கு விளக்கி, வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டாம் பிரிவினரின் நோய்க்குறிகளும் அன்றாடம் இயங்க முடியாத நிலையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் பிரமாதமானது என்று சொல்ல முடியாது, மிதமானதுதான். ஆனால் அந்தப் பணியாளர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர், உள்ளூர்க்காரர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006 வாக்கில், தலைநகர் ஹராரேயின் ஏழைப் பகுதியான ம்பாரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டியும் மனம் நொந்து வந்தவரும் உட்காருவார்கள். பாட்டி அறிவுரை சொல்வதில்லை. உங்களுக்கு இருக்கும் பிரச்சினைகளில் முதலில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு, அவர் வாயாலேயே அடுத்த அடியைச் சொல்லவைப்பார். அடுத்த வாரம் அது என்னவாயிற்று என்று கேட்பார். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016 இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பிறகு, பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன. கடுமையான நோய் உள்ளவர்களைப் பாட்டிமார்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைப்பார்கள். தங்கள் எல்லை அவர்களுக்குத் தெரியும்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாதாமாதம் தெரிந்த ஒரு பெண் வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். வாசலில் நின்று பேசும் அந்தச் சில நிமிடங்களில், "உள்ளே இருப்பது யாரு?" என்று அவர் கேட்டால், பல வருடம் மூடியிருந்த பேச்சு திறந்துகொள்ளவும் கூடும்.

எங்கே அறுந்துபோகிறது

மிகவும் அடிபட்டவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருந்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்றும் சொல்லலாம். உதவிக்கு வருபவரை முதலில் சோதிப்பார்கள். சொன்ன நாளில் வர மாட்டார்கள், கோபப்படுவார்கள், பொய் சொல்வார்கள். அதைக் கண்டு உதவியாளர் விலகினால், "பார்த்தீர்களா, இவரும் அப்படித்தான்" என்று அவர்கள் மனதில் உறுதியாகிவிடும். பிறகு வரும் பத்து நல்லவர்களுக்கும் அந்தக் கதவு திறக்காது.

ஆகவே முடியாததைச் சொல்லிவிடக் கூடாது. "உங்களுக்கு வீடு வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன்" என்று இரக்கத்தில் வாய்விடுவது கொடுமை. "வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன்" என்று சொல்லி வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவது பெரிய உதவி. மாறுதலாகிப் போகும் பணியாளர், அடுத்து வருபவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். அரசு வேலையில் இடமாறுதல் தவிர்க்க முடியாது. சொல்லாமல் போவது தவிர்க்கக் கூடியது.

உதவியாளர் உறவினர் ஆகிவிடவும் கூடாது. பணம் கைமாற்று வாங்குவது, கொடுப்பது, பரிசு வாங்குவது, இரவெல்லாம் போனில் பேசுவது என்று போனால் அந்த உறவு ஒரு நாள் இருவருக்கும் பாரமாகி அறுந்துவிடும். குறிப்பாக, பெண்களுக்கு உதவும் இடத்தில் இந்த எல்லை மிகத் தெளிவாக இருக்க வேண்டும். கையில் அதிகாரம் உள்ளவர் அன்பாகவும் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல ஏழைக்கு வாய் வராது. "எனக்கு இது வேண்டாம்" என்று ஒருவர் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதை வைத்தே அந்த உதவி நல்ல உதவியா என்று கண்டுகொள்ளலாம்.

நம்முடைய பங்கு

இரகசியம் ஓர் அமானிதம். போடி போன்ற ஊரில், ஒரு தெருவில் சொன்னது அஸருக்குள் மஹல்லா முழுவதும் போய்விடும். 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவர்கள்மேல் வைத்திருக்கிறது. உதவிப் பொருள் கொண்டுபோகும் நாமும் அதே கடமையை ஏற்க வேண்டும். மளிகைப் பையைக் கையில் கொடுத்து நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கணக்குக் காட்ட ரசீது போதும். படத்தில் வந்துவிட்ட வீட்டுப் பெண், அடுத்த முறை உதவி தேவைப்பட்டாலும் கேட்க மாட்டார்.

கட்டிவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மனநலம் பாதிக்கப்பட்டவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதே சட்டம் தடை செய்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் சொல்கிறது. கட்டுகிற தாய் கொடியவள் அல்ல. மகன் ராத்திரியில் எழுந்து மலைப்பாதையில் நடந்துவிடுவானோ, கிணற்றில் விழுந்துவிடுவானோ என்ற பயத்தில் கட்டுகிறாள். அந்த வீட்டுக்குச் சட்டத்தைக் காட்டி மிரட்டிவிட்டு வருவதில் பலன் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் போய் அந்தத் தாய் தூங்கும்படி பார்த்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகத் துணையும் வந்தால் கயிறு தானாக அவிழும்.

"கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சும் நம் வீடுகளில் நிற்கவில்லை. சரியாவதில்லை. நோயை மறைத்து நிகாஹ் நடத்தினால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். மறைத்தவர் நிறுத்துவார், நிறுத்தினால் நோய் திரும்பும். அந்தப் புதுப்பெண்ணும் அவளுடைய அத்தாவும் அம்மாவும் படும் பாட்டுக்கு யார் பொறுப்பு?

மனநோயால் இயலாமை 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும் பெறலாம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. படிவம் நிரப்ப, தேனிக்குக் கூட்டிப்போக, வரிசையில் உடன் நிற்க ஆள் வேண்டும். இந்த வேலையை நம் இளைஞர்கள் செய்யலாம். நாலு மணி நேரம் ஒன்றாக வரிசையில் நின்றவரிடம் மனம் திறப்பது எளிது.

முதல் முறை அழைத்துப் போகும்போது

தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போவதற்கு முன் பேச வேண்டுமானால் 'டெலி மானஸ்' எண் 14416 இல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது. சாக வேண்டும் என்று பேசினாலோ, சாப்பாடு தண்ணீர் எடுக்காமல் கிடந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தாலோ காத்திருக்காமல் 108 ஐ அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் நிலையை 2017 சட்டம் மாற்றிவிட்டது. போலீசுக்குப் பயந்து மருந்து குடித்தவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கூட்டிப்போகும்போது ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். "கடைக்குப் போவோம்", "மாமா வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினால், மருத்துவமனை வாசலில் இறங்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். மருத்துவர் முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே அந்த உறவு கெட்டுவிடும். "உனக்குத் தூக்கம் வரலை, எங்களுக்குப் பயமா இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசிப் பார்ப்போம்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு நாள் மறுத்தால் மறுநாள் சொல்லுங்கள். பழைய சீட்டுகள், போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அதன் விவரம் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். உள்ளே போனதும் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவர் மருத்துவரோடு தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் விடுங்கள். வெளியே வரும்போது, அடுத்த முறை யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்டு, அவர் பெயரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, அதை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.